கவிஞர் சோலைநிலவனுக்குக் கண்ணீர் அஞ்சலி

வாங்க தங்கச்சி, உட்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். கட்டிலிலேயே உட்காருங்க. பாப்பா தூங்குகிறாள், எழுந்திரிக்க மாட்டாள். வாசலில் மேளம் அடித்தாலும் தூங்குவாள். நான் ஒரு வாய் காபி குடிக்க உட்கார்ந்தால் மட்டும் அவளுக்கு எப்படியோ தெரிந்துவிடும். அத்தை ரேஷன் கடைக்குப் போயிருக்கிறார். வர நேரமாகும். அதனால்தான் பேசலாம் என்கிறேன்.

நூலகத்துப் பயிலரங்கத்திலிருந்து வருகிறேன் என்று சொன்னீங்க. நாலு சனிக்கிழமை வந்துவிட்டு ஐந்தாவதும் ஆறாவதும் வராமல் நின்றுபோன பாண்டிமீனா நான்தான். ரெண்டு தாள் கொண்டுவந்திருக்கீங்க. ஒன்று, வகுப்பு எப்படி இருந்தது, ஏன் நின்றீர்கள் என்று எழுதித் தரச் சொல்லும் தாள். இன்னொன்று, வகுப்பில் நான் எழுதிய ஆறு வரியை உங்க புத்தகத்தில் என் பேரோடு போடுவதற்குக் கையெழுத்துக் கேட்கும் தாள். ரெண்டாவதை அந்தப் பக்கம் வைத்துவிடுங்க. அதில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று காலையில்தான் வீட்டுக்காரருக்கு வாக்குக் கொடுத்தேன். அந்த ஆறு வரியும் அவர் எழுதியது என்று உங்களிடம் சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டேன். ஆச்சா? அது முடிந்தது.

முதல் தாளுக்கு வருவோம். அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்க, நான் சொல்லச் சொல்ல எழுதுங்க. எனக்குப் பேச வராது. என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள், ஊமையோ என்று சந்தேகப்பட்டுப் பேர் என்ன என்று மூணு தடவை கேட்டார்கள். அப்படிப்பட்டவள். அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

உங்க வகுப்பு சரியில்லை. எழுதிக்கோங்க.

ஹேமலதா மேடத்தைக் குற்றம் சொல்லவில்லை. நல்ல மாதிரி. மதுரையிலிருந்து பஸ் பிடித்து வந்து, திருமங்கலத்து நூலக மாடியில் மின்விசிறிகூடச் சுற்றாத அறையில் நின்று அத்தனை நேரம் பேசுகிறார். ஆனால் ஒருத்தர் ரிப்பேருக்கு ஒரு சாமானைக் கொண்டுவந்து கொடுத்தால், அதை மட்டும்தானே பார்க்க வேண்டும்? பக்கத்தில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறதை ஏன் கழற்றுகிறீர்கள்? என் நியாயம் அதுதான்.

எங்கள் கடை உங்களுக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், சோலை டிஜிட்டல் பேனர்ஸ். கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு, சடங்கு, அஞ்சலி, எதுவானாலும் எங்களிடம்தான் வருவார்கள். படம் வெட்டி ஒட்டுவது, எழுத்து அடிப்பது, மிஷின் ஓட்டுவது எல்லாம் அவர். வரி மட்டும் நான். பேனரில் தலைமாட்டில் ரெண்டு வரி வருமில்லையா, அது. ‘தோடு போடும் செவி ரெண்டு, தாய்மாமன் சொல்லே கற்கண்டு’, அந்த மாதிரி. கூட்டாளிகள் சேர்ந்து வைக்கிற கல்யாண பேனருக்கு, ‘மாப்ள, நாளைலருந்து போன் அடிச்சா நீ எடுப்பியா, தங்கச்சி எடுக்குமா?’ இதுவும் என்னுடையதுதான். ஊர் முழுக்கச் சிரித்தார்கள்.

நான் எட்டாவதோடு நின்றவள். ஆனால் படிக்கிற காலத்திலேயே, பத்தாவது அக்காமார் எல்லாம் ஆட்டோகிராப் நோட்டில் எழுத என்னிடம்தான் வரி கேட்டு வருவார்கள். அப்புறம் பஞ்சு மில்லுக்குப் போனேன், அப்புறம் கல்யாணம். இங்கே வந்த பிறகு துணி அலசும்போது வரும். பாப்பாவுக்குச் சோறு ஊட்டும்போது வரும். வந்ததும் கடைக்குப் போன் போட்டு, ‘என்னங்க, எழுதிக்கோங்க’ என்பேன். அவர் எழுதிக்கொள்வார். இப்படித்தான் மூணு வருஷம் ஓடியது, ஒரு குறையுமில்லாமல்.

கடைசியாக நல்ல வரி வந்தது எங்கள் பாப்பா தன்ஷிகாவின் காதுகுத்துக்குத்தான். அந்த பேனரில்தான் முதல்முதலாக, கீழே மூலையில் ‘வரிகள்: கவிஞர் சோலைநிலவன்’ என்று போட்டார். யாருங்க அது என்றேன். ‘நான்தான்’ என்றார். அவர் பேர் சோலைராஜா. கன்னத்தில் கை வைத்துக்கொண்டு மேலே எதையோ பார்க்கிற மாதிரி ஒரு போட்டோவும் போட்டிருந்தார். ‘கடைக்கு ஒரு கவிஞர் இருந்தாத்தான் மதிப்பு, மீனா. எதுத்தாப்புல புதுக் கடை வேற வரப் போகுது’ என்றார். எனக்கென்ன? அவர் பேர் போட்டால் என்ன, என் பேர் போட்டால் என்ன, ஒரே வீடுதானே. ஆவணி ஏழு, வியாழக்கிழமை, காலை ஒன்பதரைக்கு அந்த பேனரைக் கட்டினார்கள். நான் அதையெல்லாம் மனசில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை.

அதற்கு அடுத்த வாரம் வரி நின்றுபோனது.

ஏன் என்று தெரியவில்லை தங்கச்சி. பாப்பாவுக்குப் பால் மறக்கடித்த நேரம், உடம்புச் சூடாக இருக்கலாம். போர் தண்ணீரும் மாறியிருந்தது. அத்தை கண்ணேறு என்றார். ஒரு பூப்புனித நீராட்டு விழாவுக்கு அவர் வரி கேட்டார். ரெண்டு நாள் யோசித்து ‘வருக வருக’ என்று சொன்னேன். ‘அதான் ஏற்கெனவே போட்ருக்கே, அதுக்கு மேல சொல்லு’ என்றார். அதற்கு மேல் ஒன்றுமே இல்லை. கிணற்றில் வாளியை விட்டால் டங் என்று கல் சத்தம் கேட்குமே, அப்படி. அத்தை நாக்கில் வசம்பு தேய்த்தார், தேன் தடவினார், சரஸ்வதிக்கு வெண்தாமரை வாங்கி வைத்தார். ம்ஹூம். அவர் பழைய பேனர் வரியையே திருப்பிப் போட்டு ஓட்டினார். ஒரு தெருவில் ரெண்டு மாப்பிள்ளைக்கு ஒரே வரி வந்து, சண்டைக்கு வந்துவிட்டார்கள்.

அந்த நேரத்தில்தான் உங்க வகுப்புக்கு பேனர் அடிக்க எங்கள் கடைக்கே வந்தீங்க. ‘உங்களுக்குள் உறங்கும் படைப்பாளியைத் தட்டி எழுப்புங்கள், ஆறு சனிக்கிழமை.’ அதைப் பார்த்தபோதே எனக்குச் சரியாகப் படவில்லை. உறங்குகிற பிள்ளையை யாராவது தட்டி எழுப்புவார்களா? அழுதே தீர்த்துவிடும். ஆனால் அவருக்கு முகமெல்லாம் வெளிச்சம். மோட்டார் நின்றுபோனால் வைண்டிங் கடைக்கு எடுத்துப்போகிற மாதிரி என்னை வண்டியில் உட்கார வைத்துக் கொண்டுவந்து விட்டார்.

‘ஆறு வாரத்துல வந்துருமா?’ என்றார் நூலக வாசலில்.

‘என்னதுங்க?’

‘வரிதான். பழைய மாதிரி.’

‘தெரியலீங்க.’

‘அடைப்பை எடுத்து விட்ருவாங்களாம். ஆனா ஆறு வாரம் நமக்குத் தாங்காது மீனா. நாலாவது வாரத்துக்குள்ள எனக்கு ஒண்ணு வேணும், பாத்துக்க.’

வர்த்தகர் சங்கத்து ஆண்டு விழா வர இருந்தது. சங்கத் தலைவர், பாத்திரக்கடை தவமணி அண்ணாச்சி, இவருக்குக் ‘கவிச்சுடர்’ என்று பட்டம் கொடுக்கப் போவதாகச் சொல்லியிருந்தார். பட்டம் வாங்குகிறவர் மேடையில் சொந்தக் கவிதை ஒன்று வாசிக்க வேண்டும். எதிரே புதுக் கடையும் திறந்துவிட்டார்கள், பெரிய மிஷின். இவர் ராத்திரி பகல் அதே நினைப்பாக இருந்தார். பாவம்தான். சனிக்கிழமை கடையைப் பூட்டிவிட்டுப் பாப்பாவை அவரே பார்த்துக்கொண்டார். எத்தனை ஆம்பிளை செய்வான்?

முதல் வாரம் நாற்காலியை வட்டமாகப் போட்டிருந்தீங்க. மூலையில் ஒரு இடம் கிடைக்கும் என்று நினைத்துப் போனேன். வட்டத்தில் ஏது மூலை? பதினாலு பேர். மேடம் ஒரு மஞ்சள் பந்தை எடுத்து, பந்து யார் கைக்கு வருகிறதோ அவர் மனசில் தோன்றுகிற முதல் வார்த்தையைச் சொல்ல வேண்டும் என்றார். ஒருத்தர் வானம் என்றார். ஒருத்தர் சுதந்திரம் என்றார். சுயசரிதை எழுத வந்த ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் ஞானப்பிரகாசம் சார் கைக்குப் போன பந்து பத்து நிமிஷம் திரும்பி வரவே இல்லை. என்னிடம் வந்தது. ‘வருக’ என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். பக்கத்தில் இருந்த தமயந்தி அக்கா, ‘இன்னொரு வருகவும் சேத்துச் சொல்லுடி, பேனர் முழுசாகட்டும்’ என்றார்.

தமயந்தி அக்காவை உங்களுக்குத் தெரியுமே, தையல் கடை. பிளவுஸ் முதுகில் புதுசு புதுசாக டிசைன் வைப்பதில் பேர் வாங்கியவர். டிசைன் வரவில்லை என்று வந்திருந்தார். ‘மூணு மாசமா எல்லா முதுகும் எனக்கு ஒண்ணாத்தாண்டி தெரியுது’ என்பார். வகுப்பில் நான் பேசிய ஒரே ஆள் அவர்தான். அதுவும் அவர் பேசுவார், நான் தலையாட்டுவேன்.

ரெண்டாவது வாரம் இடது கையால் படம் வரையச் சொன்னார்கள். நான் அடுப்பு வரைந்தேன். மேடம் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, ‘இது உங்க கோபம்’ என்றார். ‘இல்லீங்க மேடம், ரெண்டு பர்னர் கேஸ் ஸ்டவ்’ என்றேன். மூணாவது வாரம் கண்ணை மூடி, மூச்சைக் கவனித்துக்கொண்டே ஒரு ஆற்றங்கரைக்குப் போகச் சொன்னார்கள். எனக்கு ஆறு வரை போக முடியவில்லை, வழியிலேயே தூங்கிவிட்டேன். இருபது நிமிஷம். வீட்டில் யார் என்னை இருபது நிமிஷம் கண்ணை மூட விடுகிறார்கள்? உங்க வகுப்பில் எனக்குப் பிடித்தது அந்த இருபது நிமிஷம்தான். அதை எழுத வேண்டாம்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் வாசலில் வண்டியோடு நிற்பார். ‘வந்துச்சா?’ என்பார். இல்லை என்பேன். வண்டியை உதைத்துக் கிளப்புவார்.

நாலாவது வாரம்தான் விஷயம்.

மேடம் சொன்னார்: ‘உங்க எல்லாருக்குள்ளயும் ஒரு குரல் இருக்கு. உனக்கென்ன தெரியும், நீ எழுதி என்ன ஆகப் போகுதுன்னு சொல்லிக்கிட்டே இருக்கும். அந்தக் குரலுக்கு ஒரு பேர் வைங்க. இன்னிக்கு அது செத்துப்போச்சு. அதை வழியனுப்பி எழுதுங்க.’

எல்லாரும் பேனாவைக் கடித்தார்கள். கடிக்க என்ன இருக்கு? செத்துப்போனவருக்கு என்ன எழுதுவது என்று எனக்கா தெரியாது? வாரத்துக்கு நாலு எழுதினவள். மேலே ‘கண்ணீர் அஞ்சலி’. அதற்குக் கீழே பேர். பேருக்கு முன்னால் அமரர். ஒரு பேர் வைக்கச் சொன்னாரில்லையா, கை தானாகவே எழுதிவிட்டது: அமரர் கவிஞர் சோலைநிலவன். சத்தியமாக நான் எதையும் நினைத்து எழுதவில்லை தங்கச்சி. அத்தனை பேனரில் அந்தப் பேரைப் பார்த்துப் பார்த்துக் கை பழகியிருக்கும், வேறென்ன? அதற்கப்புறம் வரி வந்தது. ஒன்பது மாசமாக வராதது பத்து நிமிஷத்தில் வந்தது. பேனர் வரி மாதிரி அடிக்கு அடி எதுகை மோனை எல்லாம் இல்லை. வந்தபடியே எழுதினேன்.

நீ போனபின் வீட்டில் சத்தமில்லை.
சத்தமில்லாததால் எனக்குத் தூக்கமில்லை.
உன் செருப்பு வாசலில் வாய் திறந்து கிடக்கிறது.
அதற்கும் நான்தான் பதில் சொல்கிறேன்.
சோற்றில் உப்பில்லை என்று சொல்ல ஆளில்லை.
இப்போதுதான் உப்பின் ருசி எனக்குத் தெரிகிறது.

வாசிக்கச் சொன்னார் மேடம். நான் மாட்டேன் என்று நோட்டை மடியில் கவிழ்த்துவிட்டேன். தமயந்தி அக்கா பிடுங்கிக்கொண்டார். தலைப்பை வாசித்தார், பேரை வாசித்தார், அவ்வளவுதான், சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். சோலைநிலவன் யாரென்று அவருக்குத் தெரியும், அவர் கடை போர்டே எங்கள் மிஷினில் அடித்ததுதான். அப்புறம் வரியை வாசித்தார். செருப்பு வந்ததும் சிரிப்பு நின்றுபோச்சு. உப்பு வந்தபோது குரல் இறங்கிவிட்டது. யாரும் கை தட்டவில்லை. ஞானப்பிரகாசம் சார்கூட ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் எனக்குப் பயமாகப் போனது. மேடம் கண்ணாடியைத் துடைத்தார். போனில் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என்னம்மா என்று கேட்டார். நாலரை ஆகுது மேடம், பாப்பா தேடும் என்றேன்.

வாசலில் அவர், ‘வந்துச்சா?’ என்றார். ‘வந்துச்சு’ என்று சொல்லிவிட்டேன். அங்கேதான் தப்புப் பண்ணினேன். எந்த மாதிரி வந்தது என்று சொல்லவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம். ஃபிரிட்ஜ் மேலிருந்து நோட்டை எடுத்துக்கொண்டு சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார். ஒரு உருண்டை வாயில். சந்தோஷத்தில் அத்தைக்கும் கேட்கட்டும் என்று சத்தமாக வாசித்தார். ‘கண்ணீர் அஞ்சலி. அமரர் கவிஞர் சோலை...’

அத்தைக்குப் பாதிதான் காதில் விழும், ஆனால் அந்தப் பாதி எதுவென்று சொல்ல முடியாது. ‘யாருடா அமரர்?’ என்றார். அவர் நோட்டை மடக்கப் பார்த்தார். அத்தை எட்டிப் பார்த்து எழுத்துக்கூட்டினார். ‘அடிப் பாவி மகளே! குத்துக்கல்லாட்டம் உக்காந்து சோறு திங்கிற என் பிள்ளைக்கா அஞ்சலி எழுதுற? ஒன்னைய வரி எழுதப் படிக்கச் சொன்னா, தலையெழுத்தையே எழுதிப்புட்டு வந்துருக்க?’ உப்பும் மிளகாயும் எடுத்து அவர் தலையைச் சுற்றி அடுப்பில் போட்டார். நெடியில் வீடே இருமியது. பாப்பா இதெல்லாம் விளையாட்டு என்று நினைத்து இல்லாத இருமலை இருமினாள்.

நான் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ‘வகுப்புல எழுதச் சொன்னாங்க’ என்றேன்.

அவர் நோட்டை மறுபடியும் வாசித்தார், இந்தத் தடவை மனசுக்குள். ‘இதை வேற யாரும் பாத்தாங்களா?’

‘பதினாலு பேருங்க.’

‘பேரோடயா?’

‘பேரோடதாங்க.’

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. ‘வரி நல்லா வந்துருக்கு’ என்றார். கையைக் கழுவிவிட்டு வந்து, பேனா எடுத்து, தன் பேரை நேராக ஒரு கோடு போட்டு அடித்தார். மேலே எழுதினார்: அமரர் பெரியவர் தங்கையா. தவமணி அண்ணாச்சியின் அப்பா. போன ஆடியில்தான் தவறிப்போனார்.

அன்றிலிருந்து சோற்றில் உப்பில்லை என்று அவர் சொல்வதில்லை தங்கச்சி. உப்பு ஜாடியைத் தன் பக்கமாக நகர்த்தி வைத்துக்கொள்கிறார். பிரஷர் எதுவும் இருக்குமோ என்று பயந்து டாக்டரிடம் காட்டச் சொன்னேன். முறைத்தார்.

புதன்கிழமை சாயங்காலம் விழா. மண்டபம் நிறைய ஆட்கள். அத்தை பட்டு கட்டிக்கொண்டு வந்தார். நானும் பாப்பாவும் நாலாவது வரிசை. அவர் மேடையில் ஏறினார், மைக்கைத் தட்டினார், ‘அண்ணாச்சியின் தந்தையாருக்கு என் கண்ணீர் அஞ்சலி’ என்றார். நன்றாகத்தான் வாசித்தார். என் வரியை யாரோ மைக்கில் வாசித்துக் கேட்பது எனக்கு அதுதான் முதல் தடவை. செருப்பு வந்தபோது அண்ணாச்சி துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். சங்கத்தில் உறுப்பினர் என்று தமயந்தி அக்காவும் வந்திருந்தார். முன்வரிசையிலிருந்து அப்படியே திரும்பி என்னைப் பார்த்து, ‘ஏண்டி, இது ஒன்னோடதுல்ல?’ என்று வாயை அசைத்தார். இல்லைக்கா என்று தலையாட்டிவிட்டு, பாப்பாவுக்குச் சடையைச் சரிபண்ணினேன். அதுவரைக்கும் எனக்கு ஒன்றுமில்லை. ஒரு வருத்தமும் இல்லை.

கடைசி வரி. ‘உப்பில்லா உணவாய் ஆனதே எங்கள் வாழ்வும் அய்யா!’

‘தப்பு’ என்றேன்.

கத்தவில்லை தங்கச்சி. எனக்குக் கத்த வராது. ஆனால் அவர் மைக்கில் மூச்சு விட்ட நேரம் பார்த்து வந்துவிட்டது. மண்டபம் முழுக்கக் கேட்டது. எல்லாத் தலையும் திரும்பியது. மேடையிலிருந்து அவரும் பார்த்தார். அத்தை தொடையில் கிள்ளிய இடம் நாலு நாள் கன்றிக் கிடந்தது. அப்புறம் கை தட்டினார்கள், பொன்னாடை போட்டார்கள், கவிச்சுடர் என்று கேடயம் கொடுத்தார்கள். அதோ, டிவிக்குப் பக்கத்தில் இருக்கே, அதுதான்.

வண்டியில் திரும்பி வரும்போது கேட்டார், ‘எது தப்பு?’

‘கடைசி வரிங்க.’

‘துக்கத்துல ருசின்னு எப்படி வாசிக்கிறது? அண்ணாச்சி என்ன நினைப்பாரு?’

‘அப்ப வாசிக்காம இருந்துருக்கலாம்’ என்றேன்.

கல்யாணமாகி நாலு வருஷத்தில் அவரிடம் நான் அப்படிப் பேசியது இல்லை. எனக்கே என் குரல் யாருடையதோ மாதிரி இருந்தது. இதெல்லாம் உங்க வகுப்புக்கு வந்ததால் வந்த வினை. எழுதிக்கோங்க. அடைப்பை எடுக்கத்தானே விட்டார்? வாயையும் சேர்த்துத் திறந்துவிட்டால் நான் எப்படிக் குடும்பம் நடத்துவது? அதனால்தான் ஐந்தாவது வாரம் வரவில்லை. வந்தால் இன்னும் என்னென்ன திறக்குமோ!

பேரை அவர் எடுத்துக்கொள்ளட்டும். அது போகட்டும். ஆனால் கடைசி வரியை எதற்காக மாற்ற வேண்டும்? உப்பில்லாத சோறு என்று யார் வேண்டுமானாலும் எழுதுவார்கள். எதிர்க் கடைக்காரன்கூட எழுதுவான். ருசி தெரிகிறது என்பதுதானே அங்கே இருக்கிற துக்கம். அது தெரிகிறதே என்றுதானே கூசுது, அதுதானே தூங்க விடமாட்டேன் என்கிறது. இது எட்டாவது படித்தவளுக்குத் தெரியுது, கவிச்சுடருக்குத் தெரியவில்லை. சரி, விடுங்க. நான் ஒன்றும் கோபத்தில் பேசவில்லை.

காலையில் உங்க போன் வந்ததும் அவர் சொன்னார், ‘அந்தப் புத்தகத்துல ஒன் பேர்ல வந்துச்சுன்னா சங்கத்துல நான் எப்படி மீனா தலை காட்டுறது? அது நான் எழுதினதுன்னு சொல்லிரு. என் பேரைப் போடச் சொல்லு.’ கண் கலங்கியிருந்தது அவருக்கு. சரிங்க என்றேன். வேறென்ன சொல்வது? சொன்னால் சொன்னதுதான். கையெழுத்துக் கிடையாது.

என்ன எடுக்குறீங்க? அச்சுக்குப் போகிற பக்கமா? நான் பார்த்து என்ன செய்யப் போகிறேன்? வேண்டாம். சரி, எடுத்ததுதான் எடுத்தீங்க, காட்டுங்க. சும்மா பார்க்கிறேன்.

கடைசி வரி சரியாக இருக்கு.

இதென்ன தங்கச்சி? ‘உன் காலடித் தடங்கள் வாசலில் காத்திருக்கின்றன’வா? செருப்பு எங்கே? மேடமா மாற்றினார்? புத்தகத்தில் செருப்பு என்று வந்தால் நன்றாக இருக்காதாமா? எவ்வளவு படித்தவர்! தடம் எப்படிங்க வாய் திறக்கும்? வாய் திறக்காத ஒன்றுக்கு அடுத்த வரியில் நான் எதற்குப் பதில் சொல்கிறேன்? நாலாவது வரி அந்தரத்தில் தொங்குதே, அது ஒருத்தர் கண்ணிலும் படவில்லையா? அவர் உப்பில் கை வைத்தார், நீங்க செருப்பில் கை வைக்கிறீங்க. ஆளுக்கு ஒரு வரி பங்கா? பேனாவைக் கொடுங்க. கொடுங்க இப்படி.

செருப்பு. வாய் திறந்து கிடக்கிறது. ஆச்சு.

இருங்க, தாளை இழுக்காதீங்க. எங்கள் கடையில் மிஷின் ஓடுவதற்கு முன்னால் ஒரு தாளில் அடித்து ஆளிடம் காட்டுவோம். பார்த்து, திருத்தி, திருத்தின வரிக்குப் பக்கத்தில் அந்த ஆளே கையெழுத்துப் போட வேண்டும். அது இல்லாமல் மிஷினில் கை வைக்க மாட்டார் அவர். ஒரு தடவை அவசரத்தில் கையெழுத்து வாங்காமல் அடித்து, வளைகாப்பு பேனரில் பிள்ளைத்தாய்ச்சி பேருக்குப் பதிலாகக் கல்யாணமாகாத நாத்தனார் பேர் வந்துவிட்டது. குலதெய்வம்தான் எங்களைக் காப்பாற்றியது. அதிலிருந்து, யார் கையெழுத்துப் போடுகிறார்களோ அவர்கள்தான் வரிக்குப் பொறுப்பு. அது அவர் போட்ட சட்டம். அவர் சட்டத்தை நான் மீறலாமா? செருப்புக்கு நான்தானே பொறுப்பு. இந்தாங்க, பக்கத்தில் போடுகிறேன். பாண்டிமீனா.

இது அந்தக் கையெழுத்து இல்லை, சொல்லிவிட்டேன். இது திருத்தினதுக்கு.

ஒரு நிமிஷம். மேலே பேர் எங்கே? ‘கண்ணீர் அஞ்சலி’ என்று இருக்கு, அதற்குக் கீழே வெறுமனே விட்டிருக்கீங்க. யாருக்கு என்று தெரியாத அஞ்சலியை எந்தச் சுவரில் ஒட்டுவது? பார்க்கிறவன் யாருக்காக நிற்பான்? இது தொழிலே இல்லை. நான் எழுதுகிறேன். அமரர். கவிஞர். சோலைநிலவன்.

ஏன் சிரிக்கிறீங்க? அவர் பேர் புத்தகத்தில் வர வேண்டும் என்றுதானே காலையில் அவ்வளவு தூரம் கேட்டார். வருது பாருங்க. அதுவும் மேலேயே.

கீழே? அஞ்சலி என்றால் கீழே யாராவது இருக்கத்தான் வேண்டும். ஆளில்லாமல் அஞ்சலி உண்டா? அந்த ரெண்டாவது தாளையும் இப்படிக் கொடுங்க. எங்கே போட வேண்டும், இந்தக் கட்டத்திலா? இல்லை, ‘கண்ணீருடன்’ என்று போட வேண்டாம் தங்கச்சி. பேர் மட்டும் போதும்.